இரண்டு தபா போட்ட ட்ரை ரன்

கேசவன் வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தாலும் அப்படித்தான். திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாவலூர் அலுவலகத்தில் கணினி தட்டப் போயும் அந்தக் குணம் போகவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் போய்க் கவனம் இல்லாதவர் என்று சொல்லிவிட்டார்கள்.

விடுதிகளின் புல்வெளிக் குழாய்கள் தண்ணீர் பீய்ச்ச வேண்டிய நேரத்தைக் குறித்து வைக்கும் கணினிக் கருவி ஒன்று அங்கே உண்டு. கருப்புத் திரையில் கட்டளையை எழுதி அனுப்ப வேண்டும். கூடவே ‘ட்ரை ரன்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், என்ன மாறும் என்று காட்டுவதோடு சரி, எதையும் தொடாது. கேசவன் மாதிரிக்காக நண்பகல் நேரத்தைக் குறித்து, அந்த ஆப்ஷனோடுதான் அனுப்பினார். ஆனால் மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் புல்வெளிக் குழாய்கள் பட்டப்பகலில் பீய்ச்சியடித்தன. நிச்சயதார்த்தக் கூட்டம் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நனைந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

மேலாளர் ஜெபகுமார் தாமே ஒரு முறை ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தார். அது ஒழுங்காக வேலை செய்தது. கேசவன் மறந்துவிட்டு மழுப்புகிறார் என்று முடிவுகட்டி, இனிக் கருவியில் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார்.

போட்டேன் என்றால் போட்டேன்தான். கேசவன் இறங்கி வருகிற ஆள் இல்லை. பக்கத்து இருக்கை அனுவைக் கூப்பிட்டு, சோதனைக் கணினியில் அன்று அடித்தபடியே அடித்துக் காட்டினார்.

“இன்னாண்ணா, ட்ரை ரன்ன ரெண்டு தபா போட்டுகினு கீற?”

“ஒரு தபா போட்டா மனசு ஆற மாட்டேங்குதும்மா.”

சொல்லி முடிப்பதற்குள் சோதனைக் கணினியில் குழாய் நேரம் நிஜமாகவே மாறிவிட்டது. அனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் கருவியின் உள்ளே எழுதியிருந்த நிரலைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஆப்ஷனை விளக்கு சுவிட்ச் மாதிரி எழுதி வைத்திருந்தார்கள்: முதல் தட்டுக்கு ட்ரை ரன் ஆன், அடுத்த தட்டுக்கு ஆஃப். இத்தனை நாளில் வேறு யாரும் அதை இரண்டாவது முறை போட்டதே இல்லை!

எத்தனை முறை போட்டாலும் ‘தொடாதே’ என்ற ஒரே அர்த்தம்தான் என்று அந்த வரியைக் கேசவனே மாற்றி எழுதினார். ஜெபகுமாரை உட்கார வைத்து, திரையில் ஒரு வரி நிறைய ட்ரை ரன், ட்ரை ரன் என்று அடித்து அனுப்பினார். ஒன்றும் அசையவில்லை.

ஜெபகுமார் தலையைச் சொறிந்தார். “நான்தான் அவசரப்பட்டு பேசிட்டேன் கேசவன். அந்த ஓட்டல் வேலையை நீயே பாரு.”

சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் ஜெபகுமார் செலவு. கேசவன் அதற்கு முன்பே உட்கார்ந்து, விடியற்காலைக்கு நேரம் குறித்துவிட்டு, விடுதிக்குப் போன் போட்டு, புல்லெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.