ஏர்பேக் மூடியில் ஒட்டிய மாதா

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், கொச்சி, ஷார்ஜா என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, கோட்டாறு பக்கம் பழைய இரும்பு வாங்கும் ஓர் ஆக்கர் கடையில் பழைய கார்களைப் பிரித்துப் போடும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். வெடிக்காமல் கிடக்கும் ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிட்டுத்தான் வண்டியை நசுக்க அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அங்கே யார் முகத்திலாவது வெடிக்கும். ஷார்ஜாவில் கற்றதில் எனக்குச் சோறு போட்டது அது ஒன்றுதான்.

அந்த வாடகைக் கார் முட்டத்திலிருந்து வந்தது. பாலத்துச் சுவரில் வலது மூலை இடித்து டிரைவர் பக்கத்துப் பை வெடித்திருந்தது. இடது பக்கத்துப் பை வெடிக்கவில்லை. அதன் மூடிக்கு மேலேயே ஒரு சாண் உயர மாதா சொரூபத்தைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

வண்டிக்காரரின் மனைவி காலையிலேயே வந்து நின்றார். கணவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“அண்ணே, மாதாவ ஒடையாம எடுத்துத் தாங்க. ஆக்கர் கடையில விட்டுட்டு வந்தியான்னு கேட்டு நேத்துலேர்ந்து அவிய கஞ்சி குடிக்க மாட்டேங்காவ.”

காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முதலாளிக்கு அவசரம். “ஏலே மக்கா, உளிய வச்சு ஒரு தட்டு தட்டு. வந்துரும்.”

“நீங்க வந்து தட்டுங்க காக்கா. எனக்கு ஒரு மூஞ்சிதான் இருக்கு.”

“அப்ப மாதாவோட சேத்துப் பொட்டிச்சு விடு.”

அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

பேட்டரியைக் கழற்றி, வண்டியில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். மூடிக்கு மேலே குனிந்து வேலை செய்யக் கூடாது, தட்டவும் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், கடைவீதிக்குப் போய் மீன் பிடிக்கும் தங்கூஸ் நரம்பு வாங்கி வந்தார். கதவுகளைக் கழற்றியிருந்ததால் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வெளியே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொரூபத்தின் அடியில் நரம்பைக் கொடுத்து மாறி மாறி இழுத்தோம். வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. நரம்பு அறுந்தது. மறுபடி கட்டி இழுத்தோம். அவர் உள்ளங்கை கீறி ரத்தம் வந்தது, சேலையில் துடைத்துக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் மாதா சரிந்து சீட்டில் விழுந்தார். உடையவில்லை.

சொரூபத்தை அந்தப் பெண்ணிடம் எடுத்துக் கொடுத்து, அவரைச் சுவருக்குப் பின்னால் அனுப்பினேன். பையின் வயரோடு நீள வயரை இணைத்து, காருக்குள் ஒன்றும் உதிரியாகக் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, தூரத்தில் வைத்திருந்த பேட்டரியில் நுனியைத் தொட்டேன். மூடி கிழிந்து பை எழும்பியது. சத்தத்தில் காகங்கள் கலைந்தன. வெள்ளைப் புகை.

புகை அடங்கியதும் அவர் வந்து எட்டிப் பார்த்தார். “அன்னைக்கு நான் இந்த சீட்டுலதான் இருந்தேன். இது பொட்டியிருந்தா மாதா எங்க போயிருக்கும்?”

மாற்றிச் சொல்லத் தெம்பில்லை. “உங்க மொகத்துக்கு.”

சொரூபத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். “அவியட்ட சொல்லாண்டாம் அண்ணே. எனக்குக் காவலுக்குன்னு ஒட்டினதே அவியதான்.”

“சொல்ல மாட்டேன். அடுத்த வண்டியில இங்க ஒட்டாண்டாம். வீட்டுல வையுங்க.”

“வீட்டுல நாலு இருக்கு. ஒடையாம கெடச்சுன்னு மட்டும் சொல்லுகேன். கஞ்சி குடிக்கட்டும்” என்றபடி பஸ்ஸுக்கு நடந்தார்.

பை ஆறுகிறவரை அதைத் தொடக் கூடாது. நான் நிழல் தேடிப் படுத்துவிட்டேன்.