காட்டுக்குள்ள கேட்ச்

தாமல் ஏரி தாண்டி பைக்க நிறுத்திட்டு காட்டுக்குள்ள வந்திருக்கேன். வெளிய வெயில் பொளக்குது, உள்ள பாலை மரமும் வீரை மரமும் இருட்டிக்கினு நிக்குது. நர்சரிக்கு வெத பொறுக்குற அக்கா ஒண்ணு குனிஞ்சிக்கினு இருக்குது. கால்ல ஒரு சணல் உருண்டை தட்டுது, கொழுப்பு நாத்தம். எடுத்து, "கேட்ச் புடி அக்கா"ன்னு ஓங்குறேன்.

"ஆட்டாத. காட்டுப்பன்னி கடிச்சா வெடிக்கட்டும்னு வெச்ச வெடி அது."

ஓங்குன கைய அப்படியே நிறுத்துறேன்.

"மெதுவா குந்து. அப்படியே தரையில வை."

வெச்சிட்டு பின்னாலயே நகர்றேன். அக்கா பாரஸ்டருக்கு போன் போடுது.

"முந்தி ஒரு நரி இத மாதிரி ஒண்ண கடிச்சிச்சு. மூஞ்சே இல்ல."

"எனக்கு நீ சொன்ன. நரிக்கு யார்க்கா சொல்லுவா?"

பதில் வர்றதுக்குள்ள பொதர் சரசரங்குது. எதுவோ உருண்டைய பாத்து வருது. திரும்பி ஓடட்டும்னு ரெண்டு பேரும் கத்துறோம்.