கதவடிச் சந்துக்கு ஒரு பின்னல்

ராயபுரத்தில் இருந்தவரை ரிஃபானா வெள்ளை நூலைத் தவிர வேறு நூலைத் தொட்டதில்லை. தொழுகைத் தொப்பி பின்னிக் கடைக்குக் கொடுப்பாள். வசீமைக் கட்டிக்கொண்டு அத்திப்பட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். காற்றடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கதவுக்கு அடியில் நுழையும். பின்னப் பின்ன நூல் பழுப்பேறும். தொப்பிகள் திரும்பி வந்தன. கடைக்காரர் மஜீது, "அழுக்குத் தொப்பிய யாரும்மா தலைல வெப்பாங்க? இனிமே வாணாம்" என்று போனிலேயே முடித்துவிட்டார்.

அவள் அழவில்லை. வீட்டில் மாமியார் அஜீசாவுக்கு வேறு மூச்சிழுப்பு. கதவடியில் பழைய லுங்கியைத் திணித்து வைப்பார்கள். கதவைத் திறந்தால் சுருண்டு ஒதுங்கிவிடும். ஒருநாள் ரிஃபானா சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சையில் கம்பளி நூல் வாங்கி வந்தாள். கதவின் அகலத்துக்கு, அலை அலையாக நிறம் மாறும்படி நீளப் பை ஒன்றைக் கொக்கி ஊசியால் பின்னினாள். கந்தல் துணியையும் மணல் பொட்டலங்களையும் உள்ளே அடைத்து, பையின் வாய்க்குப் பித்தான் வைத்து மூடிக் கதவடியில் கிடத்தினாள்.

தொழுதுவிட்டு எழுந்த அஜீசா அலறினார்.

"யா அல்லா! பாம்பு படுத்துகினு கீது!"

"பாம்பில்ல மாமி. சாம்பல் வராம இருக்கப் போட்டது."

"அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி கலரு? கல்யாண வூடா இது?"

"வெள்ளையவே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு மாமி."

அஜீசா அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. போய் உட்கார்ந்துகொண்டார்.

தரை முன்போல் கறுக்கவில்லை. அஜீசாவின் இருமல் குறைந்தது, நிற்கவில்லை. கூரை இடுக்கு வழியாகவும் சாம்பல் வந்ததே. வாரத்துக்கொரு தரம் உறையைக் கழற்றி அலசினால் வாளித் தண்ணீர் கரியாகிவிடும். பக்கத்து வீட்டு குணசுந்தரி நீலத்தில் ஒன்று கேட்டு வாங்கிப் போனாள்.

மழைக்காலத்தில் அஜீசாவுக்கு இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தக் காற்று ஆகாது என்றார் டாக்டர். தண்டையார்பேட்டையில் இருக்கும் மகள் நவ்ரீன் வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. வசீமுக்கு வேலை இங்கே என்பதால் அவனும் ரிஃபானாவும் தங்கிவிட்டார்கள்.

ஆட்டோவில் ஏறும்போது அஜீசா சொன்னார்: "நவ்ரீன் வூட்டுக் கதவு பெருசு. அளவு அனுப்பச் சொல்றேன். ஊதால போடு."

"அங்க சாம்பல் வராதே மாமி."

"கரப்பான் வரும்ல?"

மறுநாளே நவ்ரீனிடமிருந்து அளவு வந்தது. ஊதா நூல் அத்திப்பட்டில் கிடைக்கவில்லை. ரிஃபானா கதவைச் சாத்திவிட்டு, திருவொற்றியூருக்கு ரயிலேறினாள்.