கருவாட்டுக் குழம்பும் அடிப்படை உரிமைகளும்

எங்கள் சித்தப்பாவுக்கு அரசியல் சாசனம் அத்துப்படி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையில் அது அத்துப்படியாக இருந்தது என் அக்காவுக்கு. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். கூட்டத்தில் பேசப் போகும் முன் சித்தப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுடைய பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் பாடத்தைப் படிக்கச் சொல்வார். பின்தங்கிய மக்களின் முன்னேற்றத்துக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை. மறுநாள் சங்கராபுரத்தில் அதையே மைக்கில் சொல்லிக் கைத்தட்டு வாங்கி வருவார். கைத்தட்டில் அக்காவுக்குப் பங்கு கிடையாது.

அடுத்த பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, நாட்டுக்குள் எங்கும் தடையின்றிப் போய்வரும் உரிமை என்று வரிசையாகப் போகும். ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு, கேட்டுக் கேட்டே அது மனப்பாடம். அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"கூட்டம் போடறவங்களும் ஊருக்குப் போறவங்களும் ஒரே ரோட்டுல வந்துட்டா இன்னா பண்றது சித்தப்பா?"

"புக்குல இல்லாத கேள்வியெல்லாம் கேக்காத. போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார்.

கொஞ்ச நாளில் கேள்வியே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. ஊர் முனையில் கிடந்த மரத்துக்குச் சித்தப்பாதான் தலைவர். நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, பிணம் இந்த மூன்றுக்குத்தான் வழி என்று சட்டம் போட்டார்கள். "எங்க அண்ணனே வந்தாலும் வுடமாட்டேன்" என்று நூறு பேர் நடுவில் அவர் சபதம் வேறு செய்தார். நல்லவேளை, அந்த அண்ணன், அதாவது எங்கள் அப்பா, சின்னசேலத்தில் மாட்டிக்கொண்டு வரவே வழியில்லாமல் இருந்தார்.

சிக்கல் அக்காவுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு தேறி, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கள்ளக்குறிச்சியில் கொடுத்தாக வேண்டும். அம்மா மரத்தடிக்கே போய்ச் சித்தப்பாவிடம் கேட்டாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் அண்ணி. ஊரே ரோட்டுல குந்திக்கினு இருக்குது. நம்ம வூட்டுப் பொண்ண மட்டும் அனுப்புனா நாலு பேரு இன்னா கேப்பாங்க?"

அடுத்த வருடம் என்றால் கல்யாணம் என்று எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். படிப்பில் பங்கு கேட்கும் போராட்டம் எங்கள் அக்காவின் படிப்புக்குக் குறுக்கே படுத்திருந்தது. அவள் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சித்தப்பாமேல் வந்த கோபத்தில் அன்று நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மா அக்காவின் முகமெல்லாம் மஞ்சளை அப்பினாள். மஞ்சள் புடவை கட்டி மாட்டு வண்டியில் படுக்கவைத்து, நாலு மூலையிலும் வேப்பிலைக் கொத்துகளைச் செருகினாள். அக்காவின் நெஞ்சில் பரப்பிய வேப்பிலைக்கு அடியில் விண்ணப்பம்.

"அம்மா, பொய் சொன்னா ஆத்தா கோச்சிக்க மாட்டாளா?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

மூக்கணாங்கயிற்றை அம்மாவே பிடித்தாள். வழிக்குக் கட்டிய சோறும் குழம்பும் இருந்த தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மரத்தருகே வந்ததும் வேப்பிலையைப் பார்த்தவர்கள் அம்மை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். "ஆத்தா வந்திருக்கு. மூச்சு வாங்குது, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் அம்மா. கூட்டம் விலகியது. சித்தப்பா மட்டும் வண்டியை ஒட்டி வந்து நின்றார். அக்காவின் மூடிய இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. சித்தப்பாவின் மூக்கு மெல்ல விடைத்தது. மூன்று நாள் ரோட்டில் படுத்ததில் ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"எப்போலேருந்து அண்ணி?"

"நேத்துலேருந்து, தம்பி."

பின்னால் ஒருவர், "இன்னாண்ணே, ரொம்ப ஜாஸ்தியா?" என்று ஓர் எட்டு முன்னே வைத்தார்.

"கிட்ட வராத! ஆத்தா உக்கிரமா இருக்கா. எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் மாடே மிரண்டது. பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "எத்தினி மணிக்குள்ள போவணும்?" என்றார்.

"அஞ்சு."

"மெயின் ரோட்டுல போவாதீங்க, இன்னும் ரெண்டு எடத்துல மரம் கெடக்குது. ஏரிக்கரை மேலயே போங்க."

போகிற போக்கில் என் மடியிலிருந்த போசியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி இறுக்கினார். குழம்பு சிந்திவிடும் என்று அக்கறை போலும். பத்துப் பேர் கிளையைத் தூக்கிப் பிடிக்க, வண்டி அடியில் நுழைந்து போனது.

வழியில் ஏரியில் முகம் கழுவிக்கொண்டு அக்கா நாலேகாலுக்கு விண்ணப்பத்தைக் கொடுத்தாள். அதன் பிறகு வண்டியில் உட்கார்ந்து மூவரும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு தின்றோம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த வாரமே போலீஸ் சித்தப்பாவைப் பிடித்துப்போய்ப் பதினைந்து நாள் வைத்திருந்தது. திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "ஆத்தா எறங்கிட்டாளா அண்ணி?"

"எறங்கிட்டா தம்பி" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு இடம் கிடைத்ததும், சித்தப்பாவை ஏமாற்றிய கதையைப் பள்ளிக்கூடம் முழுக்க ரகசியமாகச் சொன்னேன். ரகசியம் ஊரைச் சுற்றி வந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்தார்கள். "ஆமாடா, ஏமாந்துட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அக்காவுக்குக் கல்வராயன் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. பல வருடம் கழித்து அவளைப் பார்க்கப் போனபோது, ஐந்தாம் வகுப்புக்கு அதே உரிமைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்ட அதே கேள்வியை ஒரு மலைவாழ் பெண்பிள்ளை கேட்டாள். அக்கா புத்தகத்தை மூடிவிட்டு மாட்டு வண்டிக் கதையைச் சொன்னாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போசியில் கருவாட்டுக் குழம்பு என்றதுமே வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"ஆத்தா வந்த வூட்ல யாரு டீச்சர் கருவாடு ஆக்குவாங்க?" என்றாள் முன் பெஞ்சுப் பிள்ளை. "மோந்தாலே தெரிஞ்சிருக்குமே அவருக்கு!"

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மூடியை அழுத்திய அந்தக் கை எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிந்தது. சித்தப்பா போய்ச் சேர்ந்து அதற்குள் ஆறு வருடம் ஆகியிருந்தது.