நம்பர் பார்த்த மாப்பிள்ளை

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பிரகதீஸ்வரி என்று கேட்டால் விழிப்பார்கள். 'மாட்டு ஊசி மேடம்' என்று கேட்டால், அவள் ஸ்கூட்டர் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது வரை சொல்வார்கள். கால்நடை ஆய்வாளர், மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவள். பருவத்தில் கத்துகிற மாடு ஞாயிறு, தீபாவளி பார்ப்பதில்லை, அவளும் பார்ப்பதில்லை.

அவளுக்கு நிச்சயமான அரவிந்த்குமார் போலீஸ்காரன். சாலைகளில் வண்டி நம்பரைத் தானாகப் படிக்கும் கேமராக்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கவனிக்கும் அறையில் வேலை. திருட்டு வண்டியைப் பிடிக்க வைத்த கேமரா. இந்தச் சூரன் அதில் பிடித்தது, கட்டிக்கொள்ளப் போகிறவளின் ஸ்கூட்டரை.

"மதியம் குளத்தூர் ரோட்டுல போனீங்களே, அங்கிட்டு என்ன வேலை?" என்று போனில் கேட்டான்.

முதல் தடவை அவள் சிரித்தாள். யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். அதுவே வாடிக்கையானபோது சிரிப்பு நின்றது.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியுது?"

"நம்பரப் போட்டா வந்துரும். எல்லாம் ஒரு அக்கறைதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் தாய்மாமனோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். கொடுத்த காபியைத் தொடவில்லை. செல்போனை நீட்டினான்.

"நேத்து ஒங்க பொண்ணு ஆவூர் ரோட்டுல ஒருத்தனோட போயிருக்கு. ஹெல்மெட் போட்டு ஓட்டுறது ஆம்பள. தோளப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு, பாருங்க."

படத்தில் பின்னால் இருந்தவளின் முகம் தெரியவில்லை. சேலைதான் தெரிந்தது. பிரகதீஸ்வரியின் அம்மா சொர்ணவல்லி வாங்கிப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, இது நானு. ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு. ஆவூர்ல ஒரு துக்கம், இவ வண்டியில போயிட்டு வந்தோம்."

தாய்மாமன் இருமினார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் எழுந்து கும்பிட்டிருப்பான். இவன் கேட்டான்:

"சரி, அப்ப இவங்க எங்க இருந்தாங்க?"

பிரகதீஸ்வரி போர்வையோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தேன். மூணு நாளா. ஒரு போன் பண்ணுனீங்களா? ரெண்டு நாளு வண்டி நகரலன்னதும் நிம்மதியா இருந்துட்டீங்க, நேத்து நகந்ததும் ஓடி வந்துட்டீங்க. கெளம்புங்க. இந்தக் கல்யாணம் வேணாம்."

காய்ச்சல் விட்டதும் போய்ப் புகார் கொடுத்தாள். அவனுடைய மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கல்யாணந்தான் நின்னுபோச்சுல்லம்மா, இன்னும் என்ன? சின்னப் பையன், ஆசைல பாத்துட்டான்" என்றார்.

"ஆசைல பாத்தாரு, சரி. ஒங்க மிஷின்ல பாத்தாரு சார். நாளைக்கு ஒங்க மக வண்டியப் பாத்தா?"

அவர் சாய்விலிருந்து நிமிர்ந்தார். அரவிந்த்குமாருக்குத் திருவிழா பந்தோபஸ்து வேலை போட்டார்கள். புகாரைக் 'குடும்பத் தகராறு' என்று எழுதி மூடினார்கள். குடும்பமே ஆகவில்லை, தகராறு மட்டும் எங்கிருந்து வந்ததோ. சில மாதங்களில் அவன் பழைய அறைக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

சொர்ணவல்லிதான் பயந்தாள். "வேற வண்டி வாங்கிக்கடி. மறுபடி பாக்கப் போறான்."

"நான் எதுக்கு மாத்தணும்? வேலவெட்டி இல்லாதவன் பாத்துக்கிட்டு கெடக்கட்டும்" என்றாள் பிரகதீஸ்வரி. குளத்தூர்ப் பக்கம் ஒரு பசு கத்துவதாகப் போன் வந்திருந்தது. கிளம்பிவிட்டாள்.