துணை ஆளுநருக்கு ஒன்பது பொன்னாடை

அமெரிக்காவில் எங்கள் தமிழ்ச் சங்கம் கோயிலில் நடத்திய பொங்கல் விழாவுக்கு மாநிலத் துணை ஆளுநர் வந்திருந்தார். நெடிய மனிதர், யார் பேசினாலும் குனிந்து காது கொடுப்பார். ஒன்பது பொன்னாடைகளையும் குனிந்தே ஏற்றுக்கொண்டார்.

"உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று அவரே ஆங்கிலத்தில் கேட்டார்.

கோயில் வாசலில் ஆறு வழி மாநிலச் சாலை, சிக்னல் கிடையாது. போன மாதம் அங்கே என் மனைவியை ஒரு கார் இடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு மனுவை நீட்டினேன்.

சங்கத் தலைவர் என் கையைத் தள்ளினார். "அங்கிள், கெஸ்ட் கிட்ட போய் கம்ப்ளெயின்ட் பண்றீங்களே! போட்டோவுக்கு நில்லுங்க." துணை ஆளுநரிடம், "நத்திங் சார், நீங்கள் வந்ததே போதும்" என்று இளித்தார்.

வெட்கங்கெட்டு நானும் நின்றேன். படத்தில் பதினாறு பேரும் கேமராவைப் பார்க்கிறோம். துணை ஆளுநர் மட்டும் என் கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறார்.