பாடு நாள் விடுப்பு

பொன்னேரியில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். பாடம் நடத்துவது என் வேலை அல்ல. பாடத்துக்கு வராதவர்களுக்குப் போன் செய்வதுதான். காலையில் வகுப்பு வாசலில் நின்று தலைகளை எண்ணுவேன். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்பில் பத்தொன்பது பேர். பதினெட்டு என்றால் யார் இல்லை என்று தேட வேண்டியதில்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரே பெண், நாற்பதைத் தாண்டியவர், அன்று வந்திருக்க மாட்டார்.

அவருக்கு மட்டும் நான் போன் செய்ததில்லை. முந்தின நாளே அவர் செய்துவிடுவார்.

"சார், நாளைக்கு எங்களுக்குப் பாடு. வரமாட்டேன்."

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட அவர்கள் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. அன்று போகாவிட்டால், முறை ஊரைச் சுற்றி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். கணவர் வலைக்குப் போவார். இறாலைக் கரையில் வாங்கி ஏலத்துக்குக் கொண்டுபோவது இவர்.

பரீட்சை எழுத அவருக்கு ஒரு நாள் வருகை குறைந்தது. மிச்சமிருந்த ஒரே செய்முறை வகுப்பும் பாடு நாளில் வந்து விழுந்தது. "ஒருதரம் விட்டால் என்னம்மா?" என்று வகுப்பில் வைத்தே கேட்டேன்.

"நீங்க பெல் அடிச்சா நாங்க வருவோம் சார். எறா வருமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆசிரியரை நச்சரித்து, முதல்வரிடம் அனுமதி வாங்கி, அந்த வகுப்பையே அவர் ஊர்க் கரைக்குக் கொண்டுபோனேன். எஞ்சினைப் பிரித்து, மாட்டி, ஓடவிட்டால்தான் வருகை கணக்கில் சேரும் என்பது முதல்வரின் நிபந்தனை.

கார்புரேட்டரைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் படகுகள் வந்தன. மொத்த வகுப்பும் எழுந்து படகு இழுக்கப் போய்விட்டது. ஆசிரியரும் பேண்ட்டை மடித்துக்கொண்டு போனார். நான் பாகங்களுக்குக் காவல் இருந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. கார்புரேட்டர் ஊசியைக் காணோம்.

இறாலோடு அந்த அம்மா ஏலத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்த பதினெட்டுப் பேரும் ஆசிரியரும் நானும் மண்டியிட்டு மணலைத் துழாவினோம்.

"நண்டு இட்டுனு போயிருக்கும் சார்" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி இல்லாமல் எஞ்சின் ஓடாது. அவருக்குப் பரீட்சையும் இல்லை.

காலிக் கூடையோடு வந்து நின்றார். "இன்னா சார், எல்லாரும் நண்டு புடிக்கிறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்போடு ஊசியும் இருந்தது.

"கரையில எவளாவது சின்ன சாமானைக் கீழ வைப்பாளா சார்? மணலு முழுங்கிடும்."

ஏலம் முழுக்க அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவரே மாட்டினார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"அட்டெண்டன்ஸ் போட்டீங்களா சார்?"

"போட்டாச்சும்மா."

பரீட்சையில் தேறினார். கரையோரம் கொட்டகை போட்டு எஞ்சின் பார்க்கிறாராம். என்னிடம் விடுப்புச் சொல்ல அதன் பிறகு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இதற்காகத்தானே அலைந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். வரமாட்டேன் என்று என்னிடம் சொல்ல யாரும் இல்லை. காலண்டரில் அவர்களுடைய முறையை நானே எண்ணி, பென்சிலால் வட்டம் போட்டு வைக்கிறேன். போன வாரம் வட்டத்துக்கு முந்தின நாள், போன் வரும் வரும் என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் நானே செய்தேன்.

"சார், நல்லா கீறீங்களா?"

"நாளைக்கு உங்களுக்குப் பாடு ஆச்சே?"

"இல்ல சார். ஊர்ல அஞ்சு பேருக்குக் கண்ணாலம் ஆச்சு. கண்ணாலம் ஆனா அவங்களுக்கும் முறை உண்டே. எங்களுது தள்ளிப்போச்சு."

"எப்போ வரும்?"

பின்னால் யாரோ எஞ்சின் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வந்தா சொல்றேன் சார்."

வட்டத்தை அழித்தேன். புது வட்டத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சொல்கிறேன் என்றிருக்கிறார்.